ஐந்தாவது வயோல்

நவம்பர் 3, திங்கள்

காலை ஐந்தரை. பனிமூட்டம், தூறல். ஃபாக்டரி வாசல் விளக்கு மட்டும் மஞ்சளாக. தேயிலை நனைந்து வந்திருக்கிறது. வாட்டுவதற்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம். இன்றைக்குத் தூள் சுமாராகத்தான் வரும். மேனேஜர் முகம் அதைவிடச் சுமாராக இருக்கும்.

நோட்டீஸ் போர்டில் புதுத் தாள். மெஷின் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறவர்களுக்குக் காது பரிசோதனை. எனக்கு 13, வியாழன், காலை பத்து மணி, குன்னூரில். கடைசி வரி: முடிவு திருப்தியாக இல்லையென்றால் மாற்றுப் பணி.

இந்த 'மாற்றுப் பணி' எனக்குத் தெரியும். எனக்கு முன் டீமேக்கராக இருந்த முத்தையா அண்ணனுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். இலையை நசுக்கி நறுக்கும் ரோலர் மழுங்கிவிட்டதா என்று சத்தத்தை வைத்தே சொல்வார் அவர். இன்று கோடவுனில் சாக்கு எண்ணுகிறார். மூன்று தடவை 'அண்ணே' என்றால்தான் திரும்புகிறார்.

"சும்மா ஒரு டெஸ்ட்டுதானே, போய்ட்டு வாங்க" என்றார் மேனேஜர். சும்மாவாம்! அவர் ஆபீசில் கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்.

வீட்டில் சரசுவிடம் சொல்லவில்லை. சொன்னால் தூங்க மாட்டாள், என்னையும் தூங்க விட மாட்டாள்.

வாங்க: டார்ச் செல் 2, இருமல் மிட்டாய், சரசுவுக்கு நீல நூல் (கருநீலம் அல்ல, திட்டு வாங்கியாகிவிட்டது).

நவம்பர் 4, செவ்வாய்

மூட்டம். மதியம் அரை மணி நேரம் வெயில், எல்லோரும் வெளியே வந்து நின்று முதுகைக் காட்டினோம்.

இந்தப் பாட்டு விஷயத்தை இன்னும் எழுதவே இல்லை. மூன்று வாரம் ஆகிறது. போனில் சி.டி.சி. மெஷின் ரோலருக்குக் கூர் தீட்டும் வீடியோவை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது முடிந்தது. கை இரண்டும் இலைக்குள், போன் சட்டைப் பையில். அதுவே அடுத்ததற்குப் போய்விட்டது. ரோலரும் இல்லை, கூரும் இல்லை. ஏதோ வில் போட்டு இழுக்கிற வாத்தியம், பல பேர், மெதுவாக. கையைத் துடைத்துவிட்டு நிறுத்தலாம் என்றிருந்தேன். நிறுத்தவில்லை. இலையைப் புரட்டப் புரட்ட அதுபாட்டுக்கு ஓடியது. முடிந்ததும் மறுபடி வைத்தேன்.

நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து இசையாம். வாத்தியத்தின் பெயர் வயோல். வயலின் மாதிரி தோளில் இல்லை, இரண்டு முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிறார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று குடும்பமாக இருக்கிறது. பாடுகிறவர் கிடையாது, மேளம் கிடையாது, தலைவர் கிடையாது. ஒருவர் ஒரு வார்த்தை சொல்கிறார். இன்னொருவர் அதையே கொஞ்சம் தணித்துச் சொல்கிறார். மூன்றாமவர் 'அது சரி, ஆனால்' என்கிறார். இலை எடை போடும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து பேசுவார்களே அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்குகிறார்.

பேர் வைத்திருக்கிறேன்:
1. அவசரக்காரி. மேலே, சின்ன வயோல். எப்போதும் முதலில் வாயைத் திறப்பது.
2. ஒத்துப்பாடி. அவள் சொன்னதையே சொல்லும்.
3. சமாதானம். நடுவில், தணிந்த குரல்.
4. போஜன். பெரிய வயோல். இலை காய்கிற ட்ரையரில் நிற்கும் எங்கள் போஜனைப் போலவே, அதிகம் பேசாது, பேசினால் தரை அதிரும்.

இன்று டீ இடைவேளையில் வீடியோவின் கீழே எழுதியிருந்ததை முழுக்கப் படித்தேன். ஐந்து வயோல் என்று போட்டிருக்கிறது.

ஐந்தா?

மறுபடி கேட்டேன். நான்கு. ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்து விரல் விட்டு எண்ணினேன். நான்கு. படத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோர் கையும் அசைகிறது. நோட்டீஸ் போர்டுக்குப் போய் அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தேன்.

நவம்பர் 5, புதன்

மழை. மலை ரயில் இன்று இல்லையாம்.

சோதனை செய்தேன். நான் எப்போதும் இயர்போனில் இடது பக்கத்தை மட்டும்தான் மாட்டுவேன். டீமேக்கருக்கு வலது காது கம்பெனிச் சொத்து, அது மெஷினுக்கு. இருபத்தாறு வருடப் பழக்கம், வீட்டில்கூட மாறாது. வலது பக்கம் சும்மா ஸ்வெட்டருக்குள் தொங்கும். அதில் ரப்பர்கூட இல்லை. எப்போதோ வாட்டும் தொட்டியில் விழுந்துவிட்டது. யாரோ டீயில் குடித்திருப்பார்கள், பாவம்.

சரி, இடது காது போய்விட்டதோ என்று, மாட்டியிருந்ததைக் கழற்றி வலது காதில் வைத்துக் கேட்டேன். நான்கு.

இரண்டு காதும் போய்விட்டது. ஒன்று போனாலாவது சமாளிக்கலாம்.

போன் ஸ்பீக்கரில் வைத்துப் பார்க்க வழியில்லை. அதற்குள் டீத்தூள் போய் அடைத்து ஒரு வருடம். கரகர என்று இருமுகிறது, அவ்வளவுதான்.

ராத்திரிச் சாப்பாடு. சரசு அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு தனக்குள் முனகினாள்: "உப்புப் பத்துதா பத்துலயான்னு வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போயிருவாங்க."

"பத்துது" என்றேன்.

திரும்பி என் முகத்தையே பார்த்தாள். பெருமையாகச் சொன்னாலும் தப்பு போல.

நவம்பர் 6, வியாழன்

இன்னும் ஏழு நாள்.

பத்து மணிக்கு மூன்றாவது ரோலரில் ஒரு முனகல். ரொம்ப மெல்லிசு. நிறுத்தச் சொன்னேன். "ஒண்ணுமில்லீங்க சார், நல்லாத்தானுங்க ஓடுது" என்றான் ஃபிட்டர். திறந்தால் பேரிங்கில் கிரீஸ் காய்ந்து கிடக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் போயிருக்கும். எல்லோரும் என் காதைப் பார்த்தார்கள். பெருமை ஒரு கால் மணி நேரம். அப்புறம் மறுபடி அதே நினைப்பு. பேரிங் முனகுவது கேட்கிற காதுக்கு ஒரு முழு வயோல் கேட்காமல் போகுமா? இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகுமோ? முத்தையா அண்ணனுக்கு எது முதலில் போனது என்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது, கத்தித்தான் கேட்க வேண்டும், ஃபாக்டரிக்கே தெரிந்துவிடும்.

ட்ரையர் பக்கம் போய் போஜன் காதில் அந்த இடது பக்கத்தை மாட்டினேன். "எத்தனை பேர் வாசிக்கறாங்க, சொல்லு பார்க்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். "மூணு பேருங்க சார். ஒருத்தர் பல்லு வலியோட வாசிக்கறாரு."

முப்பது வருடம் ட்ரையர் விசிறிக்குப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் ஒரு சந்தோஷத்தை எழுதாமல் விட முடியாது. சாயங்காலம் மாடியில் இலை வாட்டும் இடம். மூன்றாம் நம்பர் விசிறி ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று ஓடும். இன்று அந்த மெதுவான பாட்டை வைத்தேன். கடைசியில் பாட்டுப் போஜன், அந்தப் பெரிய வயோல், வந்து நிற்கிற இடமும் விசிறியும் ஒன்று! தம்புரா போட்டதுபோல. இலை வாசனை, ஜன்னலில் மூட்டம், காதில் இது. எனக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்துவிட்டது. இங்கிலாந்துக்காரன் எங்கள் விசிறிக்கு எப்படிச் சுருதி கண்டுபிடித்தான்?

நவம்பர் 8, சனி

வெயில்! கம்பளி எல்லாம் வெளியே.

அந்த வீடியோவில் வரும் மூன்றாவது பாட்டில் ஓர் இடம். நான்கு பேரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு சும்மா நீட்டிப் பிடிக்கிறார்கள். ஒன்றுமே நடக்காது. யாரோ வருவதற்காக எழுந்து நிற்கிற மாதிரி. பிறகு அவசரக்காரி தாங்க முடியாமல் ஆரம்பித்துவிடுவாள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். அவ்வளவு பேசிவிட்டு இப்படி அமைதியாக இருக்க என்ன தைரியம் வேண்டும்! இன்று ஆறு தடவை கேட்டேன்.

சரசுவின் அக்கா சோலூரிலிருந்து ஒரு மூட்டை காரட் கொடுத்தனுப்பினாள். கூடவே அவள் மகள் கல்யாணத்துக்கு எட்டு ஜாக்கெட் துணி. காரட் எதற்கு வந்தது என்று இப்போது புரிகிறது.

தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே சரசு: "இந்தப் பிஞ்ச ஸ்வெட்டர வெந்நி அடுப்புல போட்டாத்தான் விடியும்." நான் குளித்துவிட்டு வாசலில் நின்றிருந்தேன்.

"தொட்டுப் பாரு, தெரியும்!" என்றேன்.

மெஷின் நின்றது. அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு? இப்போதெல்லாம் அவளாகவே பேசிக்கொள்கிறாள். வயதாகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

லீவு. மழை திரும்ப. காரட் பொரியல், காரட் குழம்பு, காரட் அல்வா.

கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு இன்னொரு தடவை சோதனை. சத்தமே வராத இடம் அதுதானே. நான்கு. சத்தத்தைக் கூட்டினேன். நான்கு பேரும் பெரிதானார்கள், ஐந்தாமவர் வரவில்லை.

சரசு கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். "ஏனுங்க, காச்சலா?"

"பாட்டு."

"அந்த எளவு ஊட்டுப் பாட்டா? மூணு வாரமா அதுலயே கெடக்கறீங்க. செத்தவங்களக் கொண்டுபோய் பொதச்சுட்டு வந்தாச்சா இல்லையா?"

எனக்குக் கோபம் வந்தது. இது துக்கம் இல்லை, நிதானம், கேட்டால்தானே தெரியும் என்றேன். "அந்த மொட்டையக் காதுல வெச்சா குத்துமுங்க" என்று தொங்கிக்கொண்டிருந்த வலது பக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள். சாயங்காலம், கோட்டுக்குத் தோளில் வைக்கிற பஞ்சுத் துண்டில் கொஞ்சம் நறுக்கி அதற்கு ஒரு குல்லா தைத்துவிட்டாள். சிவப்பு நூல், சுருக்குப்பை மாதிரி.

"நான் அந்தப் பக்கம் மாட்டறதே இல்லையே" என்றேன்.

"மாட்டாட்டிப் போங்க. குளுருமுல்ல அதுக்கு."

நவம்பர் 11, செவ்வாய்

மூட்டம். தூள் அருமையாக வந்திருக்கிறது, நிறம், மணம், எல்லாம். மேனேஜர் இரண்டு கோப்பை குடித்தார். சாதாரண நாளாக இருந்தால் இதற்கே ஒரு பக்கம் எழுதுவேன்.

இன்னும் இரண்டே நாள்.

கோடவுனில் வேலை என்றால் என்னென்ன இருக்காது என்று யோசித்தேன். காலை ஐந்து மணி இலை வாசனை இருக்காது. மூன்றாம் நம்பர் விசிறி இருக்காது. ரோலர் ஒரு வார்த்தை தவறினால் எனக்கு மட்டும் தெரிகிற அந்தச் சந்தோஷம் இருக்காது. சம்பளம் அதேதான் தருவார்களாம். சம்பளத்தை யார் கேட்டது? எனக்கு இந்தச் சத்தம் வேண்டும். ஐந்தாவது வயோல் கேட்காவிட்டால் போகட்டும், இந்த நான்கையும் என் மெஷினையும் விட்டுவைத்தால் போதும்.

வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே, கதவுக்குப் பின்னால், சரசு கிசுகிசுவென்று: "எங்கக்காவ ஒரு மாசம் இங்க வந்து இருக்கச் சொல்லலாமா."

"வேண்டவே வேண்டாம்!" என்று இங்கிருந்தே கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

நவம்பர் 12, புதன்

குன்னூரில் ஒரு வேலை இருக்கிறது, நாளைக்கு லீவு என்று மட்டும் சொன்னேன்.

"நானும் வாரனுங்க. லைனிங் துணி எடுக்கோணும்."

"மழை வரும்."

"வரட்டுமே. கொடை இருக்குது."

வேறு காரணம் ஒன்றும் உடனே கிடைக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

எட்டரை பஸ். ஜன்னலோரம் சரசு, அவளுக்கு இடது பக்கத்தில் நான். மடியில் குடை. அவள் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள், நான் 'ம்' போட்டுக்கொண்டே வந்தேன். அப்புறம் தாங்காமல் இயர்போனை எடுத்து இடது பக்கத்தை மாட்டினேன். கடைசித் தடவையாக எண்ணிப் பார்க்க.

"எனக்குங் குடுங்க, என்னதான் இருக்குதுன்னு பாப்போம்" என்று சிவப்புக் குல்லா போட்ட பக்கத்தை எடுத்து அவள் காதில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டு நடுவில் காட்டெருமை, குட்டியோடு. டிரைவர் இன்ஜினை அணைத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். காதில் மூன்றாவது பாட்டு. சரியாக அந்த இடம், நான்கு பேரும் அமைதியாக நிற்கிற இடம்.

சரசு முனகினாள். ஒரு மெட்டு. கீழிருந்து மெல்ல ஏறி, ஒரு படியில் நின்று, திரும்பிப் பார்த்து இறங்குகிற மெட்டு.

"அங்க ஒண்ணுமில்ல சரசு. சும்மா இரு. அது அமைதியான இடம்."

"அமைதியா? நல்லாக் கேட்டீங்க! இத்தன நேரம் மூலையில குந்திக்கிட்டு இருந்தவரு இப்பத்தான் வாயவே தொறக்கறாரு."

"யாரு?"

"எனக்கென்ன பேரா தெரியும்? இவருதான். எப்பிடி அழகா சொல்றாரு. ஏனுங்க, இது எளவுப் பாட்டு இல்லீங்க."

"இல்லாததைக் கற்பனை பண்ணாதே!"

"காது இருக்கறவங்களுக்குக் கேக்கும்!"

நெஞ்சில் குத்திய மாதிரி இருந்தது. அவளும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு, தன் காதில் இருந்த அந்தச் சிவப்புக் குல்லாப் பக்கத்தைக் கழற்றி என் வலது காதில் அவளே வைத்தாள்.

இரண்டு காதிலும் பாட்டு. என் வாழ்க்கையில் முதல் தடவை.

நான்கு பேரும் இடது பக்கத்திலும் நடுவிலும். வலது ஓரத்தில், தனியாக, தெளிவாக, ஐந்தாமவர். அந்த அமைதியான இடம் முழுக்க அவர்தான் பேசுகிறார். மற்ற நான்கு பேரும் அவருக்கு வழிவிட்டுத்தான் நீட்டிப் பிடித்திருக்கிறார்கள். இத்தனை வாரமும் அவர் அந்த மொட்டைக் குழாய் வழியாக என் ஸ்வெட்டருக்கு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

எட்டு மோட்டாருக்கு வயரிங் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இடது வயரில் ஒரு சத்தம், வலது வயரில் வேறு சத்தம் வரும் என்று இந்த மண்டைக்கு ஏறவில்லை. இடது பக்கத்தையே இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்து எண்ணிய மகா மேதை நான்.

சிரித்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். கண்ணில் தண்ணீர். கண்டக்டர், "சார், எருமை பயந்துக்கப் போவுது" என்றார். சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்டி முதலில் நகர்ந்தது, அப்புறம் தாய், அப்புறம் நாங்கள்.

பரிசோதனை: சின்ன அறை, காதில் பெரிய ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். எறும்பு ஊர்கிற சத்தம் எல்லாம் வருகிறது. அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். "சார், சத்தம் வந்த பிறகு அழுத்தினா போதும்" என்றார் டாக்டரம்மா.

முடிவு: "இந்த வேலைக்குக் காதை நல்லாவே வச்சிருக்கீங்க. ரொம்பக் கீச்சான சத்தம் மட்டும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. மெஷின் பக்கம் நிக்கறப்ப காது மூடி போட்டுக்கணும், பாட்டு சத்தத்தைக் குறைக்கணும். வேலையில மாற்றம் தேவையில்லை." எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் சூடாக மிளகாய் பஜ்ஜி. அப்போதுதான் உறைத்தது. சரசு எதற்கு லைனிங் கடைக்குப் போகாமல் நேரே என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தாள்? எங்கே என்று கேட்கக்கூட இல்லையே!

"போஜன் சம்சாரம் நோட்டீசு ஒட்டுன அன்னைக்கே சொல்லிருச்சு" என்றாள் பஜ்ஜியை ஊதிக்கொண்டே. "அதுக்குத்தான் ஒரு வாரமா உங்க முதுகுக்குப் பின்னால நின்னு முணுமுணுன்னு பேசிப் பேசிப் பாத்தேன். ஒண்ணையாச்சும் உட்டீங்களா? எங்கக்கா பேச்ச எடுத்ததும் தெருவே அதுர்ற மாதிரி கத்துனீங்க. அன்னைக்குத்தான் நான் தூங்குனேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொன்னீங்களா?"

இன்னொரு தட்டு பஜ்ஜி வாங்கினேன்.

நவம்பர் 14, வெள்ளி

தூறல். தாளை மேனேஜர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "நான்தான் சும்மா டெஸ்ட்டுன்னு சொன்னேனே" என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், அவ்வளவு நல்ல மனநிலை.

புதுக் காது மூடி. மஞ்சள். போட்டுக்கொண்டு ரோலர் பக்கம் நின்றால் கேட்க வேண்டியது கேட்கத்தான் செய்கிறது. இனி மெஷினுக்குப் பக்கத்தில் பாட்டு இல்லை, மாடியில் மட்டும். முத்தையா அண்ணனைக் கோடவுனிலிருந்து மாடிக்குக் கூட்டிப் போய் இரண்டு பக்கமும் மாட்டி, சத்தத்தை முழுக்க வைத்தேன். பாட்டு முடிகிற வரை கேட்டார். பிறகு ஒரு கையை விரித்துக் காட்டினார். ஐந்து விரல்.

போஜனுக்கும் இரண்டு பக்கமும் மாட்டினேன். "இப்ப நாலு பேருங்க." சரி, முன்னேற்றம்.

5. சரசு.

நவம்பர் 15, சனி

அரை நாள். மழை விட்டு, மலை முழுக்கக் கழுவி வைத்தது போல. போனை மாற்றச் சொல்லி சரசுவின் நச்சரிப்பு. மாற்றவில்லை.

மாடியில் பழக்கதோஷம், இடது பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டேன். அந்த இடம் வந்தது. வெறுமையாக இருந்தது. முன்பு எப்படி இதைப் போய் அழகு என்று நினைத்தேனோ. வலது பக்கத்தையும் மாட்டலாம் என்று தேடினால் சிவப்புக் குல்லாவைக் காணோம். வீட்டில் கழன்று விழுந்திருக்க வேண்டும்.

ஒரு மணிக்கு நடந்தே வீட்டுக்கு. வாசலுக்கு வந்தபோது காதில் மறுபடியும் மூன்றாவது பாட்டு, இடது பக்கம், நான்கு பேர். உள்ளே தையல் மெஷின். அதோடு அவள் முனகுகிறாள். சுருதி சேரவில்லை, தாளமும் மெஷினோடு ஓடுகிறது. ஆனால் ஐந்தாமவரின் அதே மெட்டு. கீழிருந்து ஏறி, ஒரு படியில் நின்று, திரும்பிப் பார்த்து.

உள்ளே போகவில்லை. பாட்டை முதலிலிருந்து வைத்தேன். அந்த இடம் வரும்வரை செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

"ஏனுங்க, வாசல்ல என்ன பண்றீங்க? சோறு ஆறுது!"

"வரேன். அதை இன்னொரு தடவை முனகு."